அடைப்புக்குறிக்குள் பத்தொன்பது நாள்

தாத்தாவின் நோட்டுகளில் வாக்கியமே கிடையாது. இடது பக்கம் தேதி, வலது பக்கம் ஓர் எண். அடுத்த வரியில் அடுத்த தேதி, அடுத்த எண். 34 வருஷம், வருஷத்துக்கு ஒரு நோட்டு. மொத்தம் 12,000 வரிகளுக்கு மேல் வரும். அத்தனையும் மழை.

என் அம்மாவின் அப்பா அவர். போன மழைக்காலத்தில், 82 வயதில் இறந்துபோனார். தினமும் காலை எட்டரை மணிக்கு, முந்தைய நாள் எட்டரையிலிருந்து அன்று எட்டரை வரை பெய்த மழையை அளந்து எழுதுவது அவருடைய 48ஆவது வயதில் தொடங்கிய பழக்கம். யாரும் கேட்டு அவர் இதைச் செய்யவில்லை. சம்பளம் கிடையாது, அனுப்பிவைக்க ஓர் அலுவலகமும் கிடையாது. கணக்கு எழுதும் வேலையில் இருந்தவர். வேலைக்குக் கிளம்பும் முன் அளப்பார். ஓய்வு பெற்ற பிறகும் அதே நேரம், அதே எட்டரை.

எப்படி ஆரம்பித்தது என்று அம்மா சொல்லியிருக்கிறாள். ஒருநாள் வாசலில் இரண்டு பேர் பேசிக்கொண்டிருந்தார்கள். "போன வருஷம் இதைவிட நல்ல மழை" என்றார் ஒருவர். "அதெல்லாம் இல்லை, இந்த வருஷம்தான் கூட" என்றார் மற்றவர். பேச்சு முற்றிவிட்டது. தாத்தாவைப் பார்த்து நியாயம் கேட்டார்கள். அவரும் ஒரு பக்கம் சாய்ந்து ஏதோ சொன்னாராம். அன்று ராத்திரி பாட்டியிடம், "எனக்குத் தெரியாததைத் தெரிஞ்ச மாதிரி சொல்லிட்டேன்" என்று வருத்தப்பட்டாராம். அடுத்த வாரமே மழைமானி வந்துவிட்டது.

வந்தது என்றால் வாங்கியது இல்லை. தகரத்தில் அவரே அளவு சொல்லிச் செய்துகொண்டது. புனலின் வாய் 16 சென்டிமீட்டர் விட்டம். கணக்குப் போட்டால் பரப்பு ஏறத்தாழ 200 சதுர சென்டிமீட்டர் வரும். அந்தப் பரப்பில் ஒரு மில்லிமீட்டர் மழை விழுந்தால் 20 மில்லி தண்ணீர் சேரும். அதனால் பாட்டிலில் சேர்ந்ததை அளவு ஜாடியில் ஊற்றி, மில்லியை 20ஆல் வகுத்தால் மழை எத்தனை மில்லிமீட்டர் என்று தெரிந்துவிடும். அவரிடம் இருந்தது 200 மில்லி ஜாடி. ஒரு ஜாடி நிறைந்தால் 10 மில்லிமீட்டர்.

புனலின் விளிம்பைக் கத்தி மாதிரி தீட்டி வைத்திருப்பார். சரியாக விளிம்பின் மேல் விழுகிற துளி இரண்டாக வெட்டுப்பட வேண்டும், உள்ளே விழுந்தது உள்ளே, வெளியே விழுந்தது வெளியே. விளிம்பு தடிமனாக இருந்தால் துளி தெறித்து, வெளியே போக வேண்டியதும் உள்ளே வந்துவிடும். மானியை முற்றத்தின் நடுவில் வைத்திருந்தார். பக்கத்தில் எந்த மரம், சுவர் இருந்தாலும் அதன் உயரத்தைப் போல இரண்டு மடங்கு தூரமாவது தள்ளி இருக்க வேண்டும் என்பது விதி. அதற்காக அவர் நட்ட மரத்தையே ஒருமுறை வெட்டியிருக்கிறார். பாட்டி அதை ரொம்ப நாள் சொல்லிக்கொண்டிருந்தாள்.

எனக்கு ஏழு வயதில் கற்றுக்கொடுத்தார். நான் வளர்ந்தது அவர் வீட்டில்தான். ஒருநாள் காலை ஜாடியைத் திண்ணையில் வைத்துவிட்டு, "நீ படி" என்றார். நான் நின்றபடியே குனிந்து பார்த்து ஓர் எண்ணைச் சொன்னேன். அவர் ஒன்றும் சொல்லாமல் என் தோளைப் பிடித்து மெல்ல அழுத்தி உட்கார வைத்தார். தானும் பக்கத்தில் முட்டி போட்டார். முட்டி நொடிக்கிற சத்தம் கேட்டது.

"கண்ணைத் தண்ணி மட்டத்துக்குக் கொண்டா கண்ணு. மேலேருந்து பார்த்தா கூடத் தெரியும். கீழேருந்து பார்த்தாக் குறையத் தெரியும்."

கண்ணாடியை ஒட்டிய ஓரத்தில் தண்ணீர் கொஞ்சம் மேலே ஏறி நின்றது. நடுவில் லேசான பள்ளம். "எதைப் பார்க்கணும் தாத்தா?" "பள்ளத்தோட அடியை." 168 மில்லி. வகுத்தலில் நான் தடுமாறினேன், அவர் பொறுமையாகக் காத்திருந்தார். 8.4 என்று பென்சிலால் எழுத வைத்தார். அந்தப் பக்கம் இப்போது என் மேஜை மேல் திறந்திருக்கிறது. மேலும் கீழும் அவருடைய நீல மை. நடுவில் ஒரே ஒரு வரி பென்சிலில். எட்டு கொஞ்சம் சாய்ந்து கோட்டுக்கு வெளியே போயிருக்கிறது. அவர் அதை அழித்து மையால் எழுதியிருக்கலாம். எழுதவில்லை.

அன்று இன்னொன்றும் சொன்னார். ஒரு சதுர மீட்டர் இடத்தில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் அது ஒரு லிட்டர். அப்படியானால் 100 சதுர மீட்டர் மாடியில் 10 மில்லிமீட்டர் பெய்தால் 1,000 லிட்டர். "ஆயிரம் லிட்டர்னா எவ்வளவு கனம் தாத்தா?" "ஆயிரம் கிலோ. ஒரு டன்." நான் மாடியை அண்ணாந்து பார்த்தது நன்றாக ஞாபகம் இருக்கிறது. ராத்திரி முழுக்க எங்கள் தலைக்கு மேல் ஒரு டன் தண்ணீர் துளித்துளியாக வந்து இறங்கியிருக்கிறது, நாங்கள் தூங்கிக்கொண்டிருந்திருக்கிறோம்.

மழை அளப்பதைப் பற்றி அவர் ஆசையாகச் சொல்லும் கதை ஒன்று உண்டு. கொரியாவில் செஜோங் மன்னர் காலத்தில், 1441இல், மழை அளக்க ஒரு உருளைப் பாத்திரம் செய்தார்கள். அடுத்த வருஷமே அதை ஊர் ஊராக அனுப்பி, ஒரே அளவுப் பாத்திரத்தில் எல்லோரும் அளக்கும்படி ஏற்பாடு செய்தார்கள். ராஜாவை விட, அந்தப் பாத்திரத்தின் பக்கத்தில் கோலோடு நின்ற ஆளைப் பற்றித்தான் தாத்தா அதிகம் பேசுவார். "அவன் ஒரு நாள் சோம்பல் பட்டிருந்தா ராஜாவுக்குப் பொய்க் கணக்குதான் போயிருக்கும்" என்பார்.

மழை இல்லாத மாதங்களைப் பற்றிச் சொல்ல வேண்டும். எனக்கு அவரை நினைத்தால் முதலில் வருவது அந்த மாதங்கள்தான். நோட்டில் பக்கம் பக்கமாக 0.0, 0.0, 0.0. வானத்தில் ஒரு பொட்டு மேகம் இருக்காது. ஆனாலும் எட்டரைக்கு முற்றத்துக்குப் போவார். புனலைக் கழற்றி, காய்ந்த சருகோ எறும்போ இருந்தால் தட்டிவிட்டு, பாட்டிலை எடுத்துத் தலைகீழாகக் கவிழ்த்து ஒரு நிமிஷம் பார்ப்பார். அப்புறம் உள்ளே வந்து உட்கார்ந்து, பேனா மூடியைத் திறந்து, 0.0 என்று எழுதுவார்.

ஒருநாள் கேட்டேன். "மழைதான் பெய்யலையே தாத்தா, எதுக்கு எழுதணும்?"

"எழுதாம விட்டா, பெய்யலையா, இல்லை நான் பார்க்கலையான்னு பின்னாடி வர்றவனுக்கு எப்படித் தெரியும்?"

பூஜ்யத்துக்கும் காலியாக விட்ட கட்டத்துக்கும் உள்ள வித்தியாசத்தை நான் கற்றுக்கொண்டது அங்கேதான். இவை இரண்டும் போக மூன்றாவதாக ஒன்றும் உண்டு. சில நாள் நாலு துளி போடும், மண் வாசனை கிளம்பும், அளந்து பார்த்தால் ஜாடியில் ஒன்றும் தேறாது. அந்த நாட்களில் 'தூ' என்று ஓர் எழுத்து போடுவார். தூறல். மாசக் கடைசியில் கூட்டும்போது அதன் மதிப்பு பூஜ்யம்தான். ஆனாலும் அந்த நாளில் 0.0 எழுத மாட்டார். மண்ணும் மூக்கும் அறிந்த ஒன்றை இல்லை என்று எப்படி எழுதுவது என்பார். அந்த வாசனைக்கு ஆங்கிலத்தில் 1964இல்தான் பெயர் வந்தது. இசபெல் ஜாய் பேர், ரிச்சர்ட் தாமஸ் என்ற ஆஸ்திரேலிய விஞ்ஞானிகள் இருவர் தங்கள் ஆய்வுக் கட்டுரையில் அதை 'பெட்ரிக்கோர்' என்றார்கள். தாத்தாவிடம் இதைப் படித்துக் காட்டியபோது, "நமக்கு மண்வாசனைன்னாலே போதுமே" என்றார்.

இந்த நோட்டுகளைத்தான் இப்போது கொஞ்சம் கொஞ்சமாகக் கணினியில் ஏற்றிக்கொண்டிருக்கிறேன். வேலை முடிந்து வந்து ராத்திரி ஒரு மணி நேரம். எக்ஸலில் 0 அடித்த கட்டத்துக்கும் வெறுமனே விட்ட கட்டத்துக்கும் சராசரி வேறு வேறாக வரும். பூஜ்யத்தை அது ஒரு நாளாக எண்ணிக்கொள்ளும், வெற்றுக் கட்டத்தைத் தாண்டிப் போய்விடும். ஆரம்பத்தில் அவசரத்தில் காலியாக இருந்த கட்டங்களிலும் பூஜ்யத்தை இழுத்து நிரப்பிவிட்டேன். மறுநாள் உட்கார்ந்து நோட்டோடு ஒப்பிட்டு ஒவ்வொன்றாக எடுத்தேன். அவர் பார்க்காத நாளைப் பார்த்ததாக எழுத எனக்கு உரிமை இல்லை.

இந்த வேலையில் இறங்கிய பிறகுதான் பிரிட்டனில் நடந்த ஒன்றைப் படித்தேன். ஜார்ஜ் ஜேம்ஸ் சைமன்ஸ் என்பவர் 1860இல் அங்கே மழை அளப்பவர்களை ஒன்று சேர்க்க ஆரம்பித்திருக்கிறார். பெரும்பாலும் தாத்தா மாதிரி, சொந்த ஆர்வத்தில் வீட்டில் அளந்தவர்கள். 1900இல் சைமன்ஸ் இறந்தபோது அவர்கள் எண்ணிக்கை 3,000ஐத் தாண்டியிருந்தது. அப்படிப் பலரும் கையால் எழுதிய தாள்கள் ஆவணக் காப்பகத்தில் கிடந்தன. 2020 மார்ச்சில், எல்லோரும் வீட்டுக்குள் அடைபட்டிருந்த நேரத்தில், ரெடிங் பல்கலைக்கழகத்தின் எட் ஹாக்கின்ஸ் அந்தத் தாள்களின் படங்களை இணையத்தில் வைத்து, தட்டச்சு செய்து தர முடியுமா என்று பொதுமக்களைக் கேட்டார். 16,000 பேருக்கு மேல் வந்தார்கள். 50 லட்சத்துக்கும் அதிகமான அளவுகளை 16 நாளில் அடித்து முடித்துவிட்டார்கள். அதன் பயனாக அந்த நாட்டின் மழைக் கணக்கு 1836 வரை பின்னால் போயிருக்கிறது. 1836க்குப் பிறகு அங்கே மிக வறண்ட வருஷம் 1855 என்பது இப்படித்தான் தெரிய வந்தது.

இதைப் படித்த ராத்திரி வெகுநேரம் தூக்கம் வரவில்லை. 1855இல் யாரோ ஒருவர் காய்ந்த பாத்திரத்தைக் கவிழ்த்துப் பார்த்துவிட்டுப் பூஜ்யம் எழுதியிருக்கிறார். 165 வருஷம் கழித்து, அவர் யாரென்றே தெரியாத ஒருவர் அதைப் படித்து, அதே பூஜ்யத்தைத் தட்டச்சு செய்திருக்கிறார். தாத்தாவிடம் சொல்லியிருக்க வேண்டிய கதை. 2020இல் அவர் இருந்தார். எனக்குத்தான் தெரியாமல் போய்விட்டது.

மருத்துவமனையைப் பற்றி எழுதாமல் போய்விடலாமா என்று யோசித்தேன். முடியவில்லை.

அவரைச் சேர்த்த அன்று காலையும் அளந்திருக்கிறார். கடைசி வரி 0.0. கை நடுக்கத்தில் இரண்டாவது பூஜ்யம் மூடவில்லை. மத்தியானம் மூச்சுத் திணறல். நான் வேலை பார்க்கும் ஊரிலிருந்து நேரே மருத்துவமனைக்குத்தான் போனேன். அம்மாவும் அங்கேயே இருந்தாள். வீடு பூட்டிக் கிடந்தது. ஐந்தாவது நாள் ராத்திரி நல்ல மழை. ஜன்னல் மூடியிருந்ததால் உள்ளே சத்தம் அவ்வளவாகக் கேட்கவில்லை, கண்ணாடியில் வழிவது மட்டும் தெரிந்தது. விடிந்ததும் கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தார்.

"மழையா?"

"ஆமா தாத்தா. நல்ல மழை."

"எவ்வளவு?"

அவர் முகத்தில் அப்படி ஓர் ஆவல். அதைப் பார்த்ததும் என் வாயில் வந்துவிட்டது. "பன்னிரண்டு இருக்கும் தாத்தா."

கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். மூச்சு வாங்கியது. அப்புறம் கேட்டார்.

"அளந்தியா?"

"இல்லை தாத்தா."

"அப்ப எழுதாதே."

கோபமாகச் சொல்லவில்லை. என் கை அவர் கைக்குள்தான் இருந்தது, அதை விடவும் இல்லை. ஏழு வயதில் தோளை அழுத்தி உட்கார வைத்தாரே, அதே அழுத்தம் விரல்களில் இருந்தது.

அதற்கப்புறம் ஆறு நாள் இருந்தார். அந்தக் கடைசி ராத்திரி நான் பக்கத்தில் இல்லை. தூங்கிவிட்டு வா என்று அம்மா அனுப்பிவிட்டாள். அம்மாவும் கண் அசந்திருக்கிறாள். என்ன நினைத்தார், எங்களில் யாரையாவது தேடினாரா, வலி இருந்ததா என்று யாருக்கும் தெரியாது. வந்தவர்கள் எல்லோரும் "நிம்மதியாப் போயிருப்பார்" என்றார்கள். அன்பாகத்தான் சொன்னார்கள். நானும் தலையாட்டினேன். ஆனால் அவரைப் பற்றி எழுதும் இந்த இடத்தில் என்னால் அப்படி எழுத முடியாது. நான் பார்க்கவில்லை. அந்த வரி காலியாகவே இருக்கட்டும்.

எல்லோரும் கிளம்பிப் போன பிறகு, ஏழாவது நாள் ராத்திரி, அம்மாவும் நானும் நோட்டுகளை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தோம். எதையாவது கையில் பிடித்துக்கொள்ள வேண்டும் போல இருந்தது. முதல் நோட்டின் அட்டைக்கு உள்பக்கம் அவருடைய விதிகள் இருந்தன. நோட்டுகளில் வாக்கியமே கிடையாது என்று சொன்னேனே, இந்த அட்டை மட்டும் விலக்கு. எட்டரை தவறக் கூடாது. கண் மட்டத்தில் படி. ஊகித்து எழுதாதே. கடைசியாக இது: 'சில நாள் அளக்க முடியாமல் போனால் அந்த வரிகளைக் காலியாக விடு. அளக்கும் நாளில் மொத்தத்தையும் அளந்து, எல்லா நாளையும் சேர்த்து ஓர் அடைப்புக்குறி போட்டு எழுது. கொஞ்சம் ஆவியாகியிருக்கும். இருப்பதை மட்டும் எழுது.'

அடைப்புக்குறியா? நான் அப்படி ஒன்றைப் பார்த்ததே இல்லை. இருவரும் தேட ஆரம்பித்தோம். 34 வருஷத்தில் மொத்தமே ஒன்பது. நாலு வரி, ஏழு வரி காலியாக இருக்கும், அவற்றின் ஓரத்தில் மேலிருந்து கீழே ஒரு நீண்ட வளைவு, அதற்குப் பக்கத்தில் ஒரே எண். அம்மா ஒவ்வொரு தேதியையும் விரலை வைத்துப் பார்த்தாள், அதிகம் யோசிக்காமல் சொன்னாள். "இது சித்தி கல்யாணம். எல்லாரும் வெளியூர்ல இருந்தோம்." "இது பாட்டிக்கு ஆபரேஷன் நடந்தப்ப." "இது பாட்டி போனப்ப." அந்த அடைப்புக்குறிதான் எல்லாவற்றிலும் நீளம்.

நாலாவது நோட்டில் மூன்று நாளைச் சேர்த்து ஒன்று இருந்தது. 41.5. தேதியைப் பார்த்ததும் எனக்கே புரிந்துவிட்டது. நடு வரி என் பிறந்தநாள்.

"எனக்கு வலி வந்து ரொம்ப நேரம் ஆயிடுச்சு" என்றாள் அம்மா. "அந்த மூணு நாளும் அப்பா வெளியில பெஞ்சுலயேதான் இருந்தார். வீட்டுக்குப் போய்க் குளிச்சிட்டு வாங்கன்னா கேட்கலை. நல்ல மழை வேற."

சின்ன வயதில் எத்தனையோ முறை கேட்டிருக்கிறேன், நான் பிறந்த அன்று எவ்வளவு மழை தாத்தா என்று. "அன்னிக்கு அளக்கலை கண்ணு" என்று மட்டும்தான் சொல்வார். எனக்கு அது பெரிய குறையாக இருந்தது. இத்தனை நாளில் என் நாளை மட்டும் விட்டுவிட்டாரே என்று ஒருமுறை அழுதுகூட இருக்கிறேன். அப்போதும் ஏன் அளக்கவில்லை என்று அவர் சொல்லவில்லை.

அம்மா நோட்டை மூடி மடியில் வைத்துக்கொண்டாள். வெளியே லேசாகத் தூறிக்கொண்டிருந்தது. திடீரென்று தலையைத் தூக்கி, "இப்ப யாரு அளக்கறா?" என்றாள்.

மறுநாள் எட்டு மணிக்கே முற்றத்துக்குப் போய்விட்டேன். புனலில் இரண்டு சருகு ஒட்டிக்கொண்டிருந்தது. பாட்டிலைத் தொடாமல் எட்டரை வரை நின்றேன். தூக்கியபோது நல்ல கனம். திண்ணைக்குக் கொண்டுவந்து, ஜாடியில் சிந்தாமல் ஊற்றி, குத்துக்காலிட்டு உட்கார்ந்து கண்ணை மட்டத்துக்குக் கொண்டுவந்தேன். 200. கொட்டிவிட்டு மறுபடி ஊற்றினேன். 200. அம்மா பக்கத்தில் உட்கார்ந்து விரல் விட்டு எண்ணினாள். ஆறு முறை ஜாடி நிறைந்தது. ஏழாவது முறை 70 மில்லியில் நின்றது. பாட்டிலைத் தலைகீழாகக் கவிழ்த்து ஒரு நிமிஷம் பிடித்தேன். இன்னும் இரண்டு துளி விழுந்தது, கோடு நகரவில்லை.

63.5.

மருத்துவமனையில் 11 நாள், அதற்கப்புறம் 8 நாள். தேதிகளை வரிசையாக எழுதினேன், எண்ணுக்கான இடத்தைக் காலியாக விட்டேன். அவருடைய பேனாதான். பத்தொன்பது வரிக்கும் சேர்த்து ஓரத்தில் வளைவு போட்டேன், பக்கத்தில் அந்த எண்ணை எழுதினேன். பாட்டியின் அடைப்புக்குறியைவிட இது நீளம்.

அன்று முழுக்க வெயில் அடித்தது. அடுத்த நாள் காலை எட்டரைக்குப் போய் பாட்டிலைக் கவிழ்த்துப் பார்த்தேன். ஒரு துளி இல்லை. உள்ளே வந்து, நோட்டைத் திறந்து, 0.0 என்று எழுதினேன்.